ஐந்து தூண்டில், ஒரு மசாலா டப்பா

எமரால்டு ஏரியில் இரண்டாம் நாளும் விடாத மழை. நண்பர்கள் ஐந்து பேரும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே சுற்றுகிறோம். எது இழுத்தாலும் மீன் இல்லை, பக்கத்தில் இருப்பவனின் தூண்டில்தான் சிக்கியிருக்கிறது. எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்த ரவி, "கத்தாதீங்கடா, ட்ரௌட் மீன் ஓடிடும்" என்று கத்துகிறான். மீன் வறுக்க அவன் மனைவி அரைத்துக் கொடுத்த மசாலா இருக்கிறதாம். அதை நம்பி வேறு சாப்பாடே எடுத்து வரவில்லை.

பசி தாங்காமல் கரையேறி டீக்கடைக்குள் நுழைகிறோம்.

"மீன் மாட்டுச்சுங்களா?" என்கிறார் கடைக்கார அக்கா.

"அதை மட்டும் கேக்காதீங்க. சாப்பிட என்னங்க இருக்குது?"

"சோறும் கருவாட்டுக் கொழம்பும் இருக்குதுங்க."

மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறோம். திறக்காத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ரவி மனைவிக்குப் போன் போடுகிறான்.

"உன் மசாலா பிரமாதம்மா!"