வெயில் பாக்கெட்

பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். போன மழைக்காலத்தில் கால் வலி என்றாள். பரிசோதித்ததில் வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது.

"வெயில்ல கெடைக்கிற சத்துங்க. கொடைக்கானல் மூடுபனியில ஏது வெயிலு?" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் பவுடர் பாக்கெட் எழுதித் தந்தார்.

அதை 'வெயில் பாக்கெட்' என்றே சொல்லிவந்தேன். வெயில் வராத நாளெல்லாம் அவளுடைய பாலில் கலந்தேன். தீரத் தீர வாங்கினேன். மூன்று வாரம் மூட்டம் விலகவில்லை. அவளுக்குத் தீராத தாகம், வாந்தி. தினசரி மாத்திரையால்தான் ஈரல் கெட்டுவிட்டதென்று பயந்து, அதை ஒளித்துவைத்தேன்.

"ஏம்மா, அதக் குடு! திடீர்னு நிறுத்துனாத்தான் வைரஸ் கெளம்பும்னு டாக்டர் சொன்னாருல்ல? பால்ல என்னத்தக் கலக்குற? அந்தச் சீட்டக் காட்டு."

மாத்திரையையும் சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். சீட்டில் 'வாரம் ஒன்று' என்றிருந்தது.

"வெரசா கெளம்பும்மா, ஆஸ்பத்திரிக்கு" என்றாள், அந்த வாந்தியிலும் நிதானமாக.

வைட்டமின் டி அளவு மீறியதில் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. நான்கு நாள் டிரிப்ஸில் சரியானது. "மாத்திரைய விடாம இருந்தாளே, உங்க பொண்ணு கெட்டிங்க" என்றார் டாக்டர். எனக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன.

சில மாதம் நிறுத்திவைத்த டாக்டர் மறுபடி கொடுக்கச் சொன்னபடி, இப்போது ஞாயிறு மட்டும், சீட்டை உரக்கப் படித்துவிட்டுத்தான் பாக்கெட்டைப் பிரிக்கிறேன். இன்றும் ஜன்னலில் பனி. என்னை அறியாமல் கை பாக்கெட் டப்பாவுக்குப் போனது.

"வெயிலப் பாக்காதம்மா, கெழமயப் பாரு" என்றது உள்ளறையிலிருந்து மகளின் குரல்.

இன்று புதன்கிழமை.