அக்காவுக்குச் சேராத ரத்தம்

விசுவாசத்தில் என்னோடு நிற்பவர்களே, என் அக்காவுக்கு நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

கடந்த நவம்பர் மழையில், சிதம்பரத்தில் என் அக்கா ஸ்டெல்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. ரத்தம் பார்த்தார்கள். பி பாசிட்டிவ். அக்காவும் ஓ, மாமாவும் ஓ. கடலூரிலிருந்து வந்திருந்த அக்காவின் மாமியார் வார்டிலேயே கேட்டார்: "ரெண்டு பேரும் ஓவாம்ல. அப்ப இந்த பி எந்தத் தெருவுலேர்ந்து வந்துச்சு?"

"சும்மா இரும்மா" என்ற மாமா, அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றே தாயோடு பஸ் ஏறிவிட்டார்.

செல்போனில் தேடித் தேடிப் பார்த்தேன். ஓவுக்கும் ஓவுக்கும் பி பிறக்காது என்றே வந்தது.

"நீயாவது நம்புறியாடா?"

"நம்புறேன்க்கா."

மறுநாள் அக்காவுக்குக் கடுமையான உதிரப்போக்கு. நிறுத்திவிட்டார்கள், ஆனால் உடம்பில் ரத்தமில்லை. கிள்ளையிலிருந்தும் கீரப்பாளையத்திலிருந்தும் சிநேகிதர்களை பைக்கில் வரவழைத்தேன். எல்லோரும் ஓ. ஆனால் பரிசோதனையில் ஒருவர் ரத்தமும் அக்கா ரத்தத்தோடு சேரவில்லை. "ஒரே ஒரு பை, இயேசப்பா!" ரத்த வங்கி வாசலில் முழங்காலிட்டு அழுதேன். அடுத்ததும் சேரவில்லை. மேலே கேட்பதற்கு யாருமே இல்லை என்று நினைத்துவிட்டேன்.

அப்போது டாக்டரம்மா வெளியே வந்தார்.

"எந்த ஓவும் சேரலயேன்னு வேற டெஸ்ட் பண்ணேன். உங்க அக்கா ஓவே இல்லப்பா. பாம்பே குரூப். ரொம்ப அபூர்வம். பாக்க ஓ மாதிரி இருக்கும், உள்ள பி ஒளிஞ்சிருக்கும். அதான் புள்ளைக்கு வந்திருக்கு. கூடப்பொறந்தவங்களுக்கும் இருக்கலாம். உன் குரூப் என்ன?"

"தெரியாதுங்க மேடம்."

"ஊரையே கூட்டியாந்த, உன் கைய நீட்டலியா?"

நீட்டினேன். சேர்ந்தது.

விஷயம் தெரிந்து மாமா ஓடி வந்தார். "மன்னிச்சிடு ஸ்டெல்லா. டாக்டரே சொல்லிட்டாங்க."

"டாக்டர் சொன்னா நம்புறீங்க. நான் சொன்னேனே?"

அவள் இன்னும் கடலூர் போகவில்லை. ஞாயிறுதோறும் மாமா எங்கள் சபைக்கு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்களுக்காக ஜெபியுங்கள்.

ஒவ்வொரு பையையும் கர்த்தர் மறுத்தபோது, என் அக்காவின் மானத்தை அவர் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தெரியவில்லை. ஸ்தோத்திரம். இன்று இந்த ரத்தம் யாருக்குத் தேவை என்றாலும் ஓடுகிறேன். நீங்களும் பதில் வருமுன்பே அவரை நம்புங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணையும், ரிப்போர்ட் வருமுன்பே நம்புங்கள்.