பூசை போட்டுக் கள்ளனைப் பிடித்தது

போன வாரம் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதற்காக என் செல்போனில் ஏதோ ஒன்றை இறக்கப் பார்த்தேன். இது உங்கள் கருவியில் இயங்காது என்று வந்தது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க போனுக்கு வயசாயிருச்சுங்க" என்றாள். எனக்கு வயதாகிவிட்டது என்பதை அவள் மரியாதையாகச் சொல்லும் விதம் அது. கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. 'இதில் ஓடாது' என்கிற அதே வார்த்தையை ஒரு காலத்தில் ஒரு மாதம் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

போனின் முதுகு சூடேறி ஒரு வாசம் வந்தது. பிளாஸ்டிக் காய்கிற வாசம். அதோடு கொஞ்சம் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியும் தறி எண்ணெயும் சேர்த்துக்கொண்டால் கருமத்தம்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த தறி ஷெட்டின் டிசைன் அறை வந்துவிடும். நான் அங்கே கூட்டிப் பெருக்கி டீ வைத்துக் கொடுக்கிறவள். அஞ்சாவது வரைதான் படிப்பு. ஆகவே இனிச் சொல்லப்போகிற கம்ப்யூட்டர் சங்கதியில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டீ ஆற்றிக்கொண்டே காதில் விழுந்ததுதான் எல்லாம்.

அந்த அறையில் சுகந்தி என்றொரு பெண் சேலை டிசைன் வரைவாள். பெரிய முதலாளிக்கு அவளைக் கண்டால் 'ஏங்கண்ணு' என்றுதான் வாய் வரும். பக்கத்துக் காம்பவுண்டில் அவருடைய தம்பி, சின்ன முதலாளி, தனியாகத் தறி ஓட்டினார். பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு இல்லை. அப்படியிருக்க, சுகந்தி வரைந்த டிசைன் நம் தறியில் ஏறுவதற்கு முன்னாலேயே தம்பி தறியில் சேலையாகி, ஈரோட்டுக் கடைகளில் தொங்க ஆரம்பித்தது. சுகந்தியோ தம்பி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் குடியிருந்தாள். கொடுப்பது அவள்தான் என்று முதலாளிக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருத்தரை முகத்துக்கு நேராக 'எடுத்தாயா' என்று கேட்கமாட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? மரியாதையைக் கூட்டிவிட்டார். 'ஏங்கண்ணு' போய், "ஏனுங்க அம்மணி, டிசைன் முடிஞ்சுதுங்களா?" என்று ஆனது. அடுத்த வாரம் அவள் அறைக்குள் வந்தால் எழுந்து நின்றார். சுகந்திக்கு முகமே செத்துப்போனது. "அக்கா, என்னைய வேலைய விட்டு எடுக்கப் போறாங்களாட்ட இருக்குதுங்க. திருடின்னு பேரோட போனா இந்த ஊர்ல எந்த ஷெட்டுல எனக்கு வேலை குடுப்பாங்க?" என்று என்னிடம் அழுதாள். நானும் வாயில்லாதவள். டீயில் கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன்.

அப்போதுதான் முதலாளி கூப்பிட்டுக் கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்தார். தலை நரைத்த, அதிர்ந்து பேசாத மனுசர். வயரில் போகிற எதுவும் முழுசாகப் போவதில்லையாம். துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டிலும் அனுப்புகிறவர் விலாசமும் வாங்குகிறவர் விலாசமும் ஒட்டிக்கொண்டுதான் போகுமாம். அந்தத் துண்டுகளைப் போகும் வழியில் பிடித்துக் காட்ட ஒரு சாப்ட்வேர் இருக்கிறதாம்.

"போட்டுருங்க" என்றார் முதலாளி.

"போடலாமுங்க. ஆனா அதுக்குச் சிலது வேணுமுங்க."

கல்யாண வீட்டில் சமையல்காரர் சாமான் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தார். புது விண்டோஸ் வேண்டும். அறுபத்துநாலு பிட்டு மிசின் வேண்டும். மெமரி எவ்வளவு இருந்தாலும் தகும், பிடிக்கப் பிடிக்க அது தின்றுகொண்டே இருக்கும். டிஸ்க்கில் இடம் வேண்டும். துண்டுகளைப் பிடித்துக் கொடுக்கத் தனியாக ஒரு துணை சாப்ட்வேர் வேண்டும். அதைப் போட மிசினுக்கு எஜமானனுடைய அனுமதி வேண்டும்.

"எஜமானன் நாந்தானுங்களே" என்றார் முதலாளி.

"மிசினுக்கு அது தெரியாதுங்க."

இருந்த மிசின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். டிசைன் மிசின் பழைய விண்டோஸ். மாற்றவும் முடியாது, தறிக்கு டிசைன் அட்டை குத்துகிற புரோகிராம் அதில் மட்டும்தான் ஓடும். கணக்கெழுதும் மிசினில் லினக்ஸ். அதிலும் ஓடுமாம், ஆனால் அதைப் போட்டுவைத்த அக்கவுண்டன்ட் பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டார். முதலாளி மகன் விட்டுப்போன மேக் ஒன்று சாமி ரூமில் இருந்தது. அதற்கும் அந்த சாப்ட்வேர் உண்டுதானாம், இவ்வளவு பழைய மேக்குக்கு இல்லையாம். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து மூடியே திறக்கவில்லை என்பது வேறு விசயம்.

கடைசியில் முதலாளி தன் அறைக்குப் புதிதாக ஒரு மிசினே வாங்கிவிட்டார். சொன்ன சாமான் எல்லாம் அதில் இருந்தது. இனிக் கமுக்கமாக வேலையை முடிப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? புது மிசினுக்குப் பூசை போடாமல் எப்படி? பூசை என்றால் நாலு பேரைக் கூப்பிட வேண்டும். நாலு பேரைக் கூப்பிட்டால் பங்காளியை விடமுடியுமா? பேச்சுத்தான் கிடையாது, நல்லது கெட்டதுக்குச் சொல்லிவிடுவது உண்டு. ஆக, 'வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் டிசைன் திருட்டைப் பிடிக்கும் சாப்ட்வேர் துவங்க இருக்கிறது, குடும்பத்துடன் வரவும்' என்று வெற்றிலை பாக்கோடு தம்பி வீட்டுக்கு அழைப்புப் போனது. நான்தான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பி வேட்டி கட்டி, பழத்தட்டோடு முதல் ஆளாக வந்தார்.

மணி அடித்து, எலுமிச்சம்பழம் வைத்து, முதலாளி எலியைக் கிளிக் செய்தார். திரையில் கலர் கலராக வரிகள் ஓடின. எல்லோரும் கைதட்டினோம். சர்வீஸ்காரர் குனிந்து படித்தவர் தொண்டையைச் செருமினார். முதலாளியம்மா விடவில்லை. "சொல்லுங்க, யாருங்க கள்ளன்?"

"இதுல... அல்வா செய்யற வீடியோ ஒண்ணு வந்துட்டிருக்குதுங்க."

முதலாளி முந்தின நாள் பார்த்துவிட்டு மூட மறந்திருக்கிறார். "சுகரு இருக்கற மனுசனுக்கு அல்வா எதுக்குங்க?" என்று அம்மா சபையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

விசயம் என்னவென்றால், அந்த மிசின் தன் வழியாகப் போவதை மட்டும்தான் பிடிக்குமாம். நடுவில் வயர்களைக் கோர்க்கும் பெட்டி, அடுத்த மிசின் சமாச்சாரத்தை இதற்குத் தராதாம்.

"இது மொதல்லயே தெரியாதுங்களா உங்களுக்கு?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியுமுங்க. நல்ல காரியம் நடக்கறப்ப எதுக்கு அபசகுனமாப் பேசோணும்னுதானுங்க..."

அப்போது பின்னாலிருந்து சுகந்தி, "என்ற மிசின்லயே போட்டுப் பாருங்க" என்றாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவளைச் சந்தேகப்படுவது அவளுக்குத் தெரியவே தெரியாது என்று என்னைத் தவிர அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்களே.

பழைய மிசினுக்கு ஒத்துவருகிற பழைய சாப்ட்வேரும் உண்டு என்று சர்வீஸ்காரர் அதை இறக்கினார். அது இறங்கி முடிய, நாங்கள் கேசரியும் இட்லியும் சாப்பிட்டு முடிக்கச் சரியாக இருந்தது. முதலாளிக்கு மட்டும் கேசரி இல்லை.

டிசைன் அறையில் ஓடவிட்டார்கள். சுகந்தி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். யாரும் மிசினைத் தொடவில்லை. இருந்தும் வரிகள் ஓடின.

"டிசைனை யாரோ எடுத்துட்டிருக்காங்க" என்றார் சர்வீஸ்காரர். "இப்பவே, இந்த நிமிசமே எடுக்கறாங்க. எடுக்கற மிசினோட பேரு இதுங்க" என்று வாசித்தார்.

தம்பி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, அது நம்மூட்டு கம்ப்யூட்டருங்ணா! வெள்ளிக்கெழமையானா கணக்குப்புள்ள எறக்கி வெப்பாரு."

"உனக்கு எப்படிடா வருது?"

"நீங்கதானுங்ணா போட்டு வெக்கறீங்க? தம்பி தறி சும்மா நிக்கக் கூடாதுன்னு நம்மண்ணன் குடுக்கறாருன்னு நெனச்சேன். நாமதான் பேசிக்கறதில்லையே, எப்படிங்ணா நன்றி சொல்றது?"

அப்புறம்தான் வயரைத் தேடிப் போனார்கள். பாகம் பிரித்தபோது கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தார்கள், தென்னை மரத்தை எண்ணினார்கள், செப்பு அண்டாவுக்குக்கூடப் பஞ்சாயத்து நடந்தது. ஆனால் மதிலுக்கு மேலே போகிற அந்த நீல வயரை எப்படிப் பாகம் பிரிப்பதென்று யாருக்கும் தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். இரண்டு ஷெட்டும் இத்தனை வருசமாக ஒரே வயரில்தான் இருந்தன. டிசைன் மிசினில் சேர்த்து வைத்ததெல்லாம் அந்தப் பக்கத்துக்கும் திறந்தே கிடந்திருக்கிறது.

நல்ல நேரம் முடிவதற்குள் வயரை வெட்டிவிட வேண்டும் என்றார் முதலாளி. கத்தரிக்கோலைச் சுகந்தி கையில் கொடுத்தார். அது அவருடைய மன்னிப்பு என்று நினைக்கிறேன். அவள் வெட்டினாள். வெட்டிய உடனே எங்கள் பக்கம் நெட் மொத்தமும் நின்றுபோனது. தம்பி பக்கம் ஜோராக ஓடியது.

"நெட் கனெக்சன் நம்முளுதுங்ணா, பில்லு நாந்தான் கட்டறேன்" என்றார் தம்பி கூச்சத்தோடு. "சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னு நான் சொல்லிக்கலீங்க."

கூட்டம் கலைந்தபின் முதலாளி டிசைன் அறைக்கு வந்து, "ஏங்கண்ணு, டீ குடிச்சயா?" என்றார்.

"என்னையக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே இல்லைன்னு சொல்லியிருப்பேனுங்க."

"கேட்டா நீ வருத்தப்படுவியேன்னுதாங் கண்ணு கேக்கல."

சுகந்தி கையிலிருந்த டிசைனை முடித்துக் கொடுத்தாள். அந்த மாதத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். நல்ல பேரோடுதான் போனாள், எனக்கு அது போதும்.

இப்போது அந்தப் பக்கம் போனால் அடையாளம் தெரிவதில்லை. தம்பி ஷெட் பார்சல் குடோன் ஆகிவிட்டது. அண்ணன் மிச்சமிருக்கிற தறிகளை மகனுக்காக ஓட்டுகிறார். டிசைனெல்லாம் சூரத்திலிருந்து போனில் வந்துவிடுகிறது. இன்றைக்குத் துண்டுகளைப் பிடித்தாலும் உள்ளே இருப்பதைப் பூட்டித்தான் அனுப்புகிறார்களாம், சர்வீஸ்காரரைப் பஸ்ஸில் பார்த்தபோது சொன்னார். பூட்டட்டும். டிசைன் அறையில் இப்போது கோழித்தீவன மூட்டை அடுக்கியிருக்கிறது. சந்தேகப்படுவதற்குக்கூட அங்கே உட்கார்ந்து வரைய ஒருத்தி இல்லை.