கண்டக்டரின் பல்செட்

ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த பல் மருத்துவமனையைத் திறந்ததும் டாக்டரம்மாவுக்கு முதலில் வந்தது தும்மல்தான். நாற்காலியில் விரல்கனம் தூசி. குழாயைத் திறந்தால் துருத்தண்ணீர். கம்ப்ரசரைப் போட்டால் இரண்டு முறை செருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மெக்கானிக்கின் கையைக் காலைப் பிடித்து வரவழைத்து, உதவிக்கு இருக்கும் அக்காவோடு சேர்ந்து இரண்டு நாள் கழுவித் துடைத்தார்.

இருபது வருஷத் தொழிலில் டாக்டரம்மா நன்றாகக் கற்றுக்கொண்டது, முகம் மாறாமல் "வலிக்காது" என்று சொல்வது. பாதி நாள் அது பொய். ஆனாலும் அந்தப் பொய்க்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

அப்படி வந்தவர்தான் கண்டக்டர். சர்க்கரை வியாதியால் பல்லெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. மிச்சமிருந்த ஆறையும் டாக்டரம்மா பிடுங்கினார். பல்செட் செய்து வந்த அன்றே கொரோனாவென்று ஊரை மூடிவிட்டார்கள். அதன்பின் கண்டக்டர் வாரம் தவறாமல் போன் செய்தார். டாக்டரம்மாவும் வாரம் தவறாமல் ஒரே பதிலைச் சொன்னார்.

"ரெடியா இருக்குண்ணே. அலமாரியில பத்திரமா இருக்கு. வந்தா மாட்டிட்டுப் போயிடலாம்."

பல் போன ஈறு நாளாக நாளாக வற்றும், பழைய அளவுக்குச் செய்தது பொருந்தாது என்று முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? மனுஷன் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கிறாரே, நல்ல வார்த்தை நாலு சொல்வோம் என்று ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவரே நம்பிவிட்டார்.

மருத்துவமனை தயாரானதும் கண்டக்டர் யூனிஃபார்மில் வந்து உட்கார்ந்தார். மறுநாள் பஸ் ஓடத் தொடங்குகிறது. விசில் ஊத முடிந்தால் வா, இல்லாவிட்டால் உன் வண்டிக்கு வேறு ஆள் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்களாம். பதினோரு வருஷமாக அதே வண்டி. பல்செட்டை மாட்டியதும் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். சத்தம் வரவில்லை. விசிலோடு சேர்ந்து மேல்செட்டும் வெளியே வந்து மடியில் விழுந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா விடவில்லை. உட்பக்கம் பூசி இறுக்கும் மருந்தைத் தேடி எடுத்தார். பூட்டிய அறையின் வெக்கையில் அது கல்லாகியிருந்தது. பசைப்பொடி தூவிப் பார்த்தார். "பா" என்று சொல்லும்வரை நின்றது. பல்செட் செய்துதரும் லேப்காரருக்குப் போன் போட்டார். அவர் கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய் மூன்று மாதமாகிறதாம். வேறு இடத்தில் கேட்டால் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

கண்டக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"போன்ல சொன்னப்பவே தெரியுமாம்மா?"

முகம் மாறாமல் பேசப் பழகிய டாக்டரம்மாவின் முகம் மாஸ்க்குக்குள் கோணிக்கொண்டு போயிற்று. "தெரியும்ணே," என்றார்.

கண்டக்டர் விசிலைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியாம இருந்ததாலதான் அஞ்சு மாசத்த ஓட்டினேன். இனி இந்த ரெண்டு மாசத்த எதச் சொல்லி ஓட்டுறது?"

டாக்டரம்மா புது செட்டுக்கு அளவெடுக்கும் மாவைக் குழைக்கத் தொடங்கினார். "வாயத் திறங்கண்ணே" என்றார்.