ஆரோக்கியசாமியும் நானும் விற்ற சுவீடன் கார்

காலை ஆறரை மணிக்கு டீச்சர் போன் செய்தார். ஆரோக்கியசாமியின் மனைவியை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். "ரங்கராஜன் சார், அவரு போயிட்டாரு. விடியக்காலைல, தூக்கத்துலேயே. நீங்க வரணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்." வைத்துவிட்டார். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். வரணும்னு இல்ல என்றால் வா என்றா, வராதே என்றா? எட்டு மாதமாக அவரும் நானும் பேசவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். ஏன் பேசவில்லை என்பதும் தெரியும். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுல என்ன யோசனை? சட்டையை மாட்டிண்டு கிளம்புங்கோ" என்றாள். கிளம்பினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எனக்குத் துக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அப்படி என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு?

நம் ஆலையின் தர ஆய்வுப் பிரிவில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இந்த அஞ்சலியைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டே எத்தனை பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்! நான் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். அவர் திருப்பியனுப்பும் சாமான்களெல்லாம் என் தலையில்தான் வந்து விழும். அப்படித்தான் பழக்கம், சண்டையில் ஆரம்பித்தது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் நான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, வந்த விருந்தாளிகள் அத்தனை பேர் நடுவிலும், "ரங்கு, பாத்ரூம் வாட்டம் தப்பு. தண்ணி கதவுப் பக்கம் வரும்" என்றார். என் மனைவி ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தண்ணீர் கதவுப் பக்கம் வந்தது.

ரிட்டயர் ஆன மறுவருஷம் முசிறியில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். பந்திக்கு நேரமிருக்கிறதே என்று நடந்தபோது ஒரு வாழைக்காய் மண்டியின் பின்பக்கம் அந்தக் காரைப் பார்த்தோம். காய்ந்த சருகு மேலே குவிந்து கிடந்தது, உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முதுகு வளைந்து, மூக்கு நீண்டு, அதுவரை நான் பார்த்திராத உருவம். எந்தக் காலத்திலோ ஒரு சுவீடன் நாட்டு டாக்டரம்மா கப்பலில் கொண்டுவந்தாராம், ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனாராம். மண்டிக்காரர், "இரும்பு வெலைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டேங்கிறான், எடுத்துட்டுப் போங்க சார், எடமாச்சும் காலியாகும்" என்றார். ஆரோக்கியசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். கல்யாணச் சாப்பாடு போச்சு.

என் வீட்டுப் பக்கத்தில் ஷெட் போட்டு நாலு வருஷம் வேலை பார்த்தோம். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் பட்டறையில். இன்ஜின் அவர் கையில். அந்த இன்ஜினுக்குப் பழைய ஸ்கூட்டர் மாதிரி பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பங்க்கில் சொன்னால், "காருக்கா சார்? நல்லாத் தெரியுமா?" என்று மூன்று தடவை கேட்பார்கள். ஸ்டியரிங் வேறு இடது பக்கம். அவர் ஓட்டுவார், நான் வலது பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பேன். காவேரிப் பாலத்தில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தி, "ஸ்டியரிங்க விட்டுட்டு என்னய்யா வேடிக்கை பாக்கிற?" என்று கத்தினார். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். "போலாம் சார்" என்பேன். உடனே போவார். ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. யார் சொன்னதையும் நம்பாத மனுஷன் நான் சொன்னால் மட்டும் எப்படிப் போனார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு விற்க வேண்டி வந்தது. என் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் பையன் ஏற்பாடு செய்துவிட்டான், ஷெட்டைக் காலி செய்தாக வேண்டும். புத்தூரில் அவர் குடியிருந்தது மாடி வீடு. விற்கலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் வாங்க வருகிறவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அடேயப்பா! காரை ஆசையாகத் தடவிப் பார்க்கிறவரை நிறுத்தி, முன்சீட்டுக்குக் கீழே விரித்திருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிக் காட்டுவார். "இந்தத் தரை துருப்பிடிச்சது. மேல தகடு வச்சு ஒட்டியிருக்கோம். மொத்தமா வெட்டி மாத்தணும். இது பாஸ் இல்ல." அதை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும், எங்கள் ஷெட்டில் முடியாது. வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். இப்படி ஐந்து பேர். "சார், நாம விக்கிறோமா, குத்தப் பத்திரிகை வாசிக்கிறோமா?" என்று கேட்டேன். "ரங்கு, அதுல அவன் பொண்டாட்டி புள்ளைங்க ஒக்காருவாங்க" என்றார்.

ஆறாவதாக வந்தவர் தஞ்சாவூரில் பல் டாக்டர், இளங்கோ என்று பெயர். அன்று ஆரோக்கியசாமிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். இடிக்க ஆள் வர இன்னும் ஒரு வாரம்தான். டாக்டர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அடித்தரையெல்லாம் நல்லா இருக்குல்ல சார்?" என்று கேட்டார். நான், "எல்லாம் புதுசா போட்டது டாக்டர்" என்றேன். முந்தின நாள்தான் புது மேட் வாங்கி விரித்திருந்தேன். ஆர்.சி. என் பெயரில் இருந்ததால் வேலை அன்றைக்கே முடிந்தது. நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சாயந்திரம் புத்தூர் போய்ச் சொன்னேன். "அப்பாடா, நல்லது" என்றார் முதலில். அப்புறம், "மேட்டைத் தூக்கிக் காட்டினியா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அவர் கேட்டாரா?"

"கேட்டார்."

"சரி" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, எழுந்து போகவில்லை, டீச்சர் கொடுத்த டீயைக் குடித்தார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. இரண்டு தடவை நேரில் போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், பேப்பரை எடுத்துப் படித்தார். மூன்றாம் தடவை நான் போகவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. உலகத்தில் யாருமே பொய் சொன்னதில்லையா? என்னவோ இவர் ஒருத்தர்தான் நேர்மைக்குக் குத்தகை எடுத்த மாதிரி! இப்படித்தான் எட்டு மாதமும் எனக்குள்ளேயே அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஜெபம் முடிகிற நேரத்தில் வாசலில் ஒரு சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா அது? புகையை விட்டுக்கொண்டு சுவீடன் கார் வந்து நின்றது. டாக்டர் இறங்கினார், பின்சீட்டிலிருந்து அவர் மனைவியும் இரண்டு சின்னப் பெண்களும் இறங்கினார்கள். இத்தனை பேர் முன்னால் கேட்கப் போகிறார், மானம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

டாக்டர் நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஆளுங்கள நான் பாத்ததே இல்ல சார். வித்த மறு வாரமே ஆரோக்கியம் சாரை அனுப்பி வச்சீங்களே! 'ரங்கராஜனுக்கு மனசு கேக்கல, நேர்ல சொல்ல வெக்கப்படறாரு, அதான் என்னை அனுப்பினாரு'ன்னு சொல்லி மேட்டைத் தூக்கிக் காட்டினாரு. காரை வேண்டாம்னாலும் திருப்பி எடுத்துக்கறோம்னாரு. நான் விடுவேனா? நாலு நாள் எங்க வீட்டுலேயே தங்கி, பட்டறையில கூடவே நின்னு தரையை வெட்டி மாத்திக் கொடுத்துட்டுத்தான் போனாரு. கண்ணுல ஆபரேஷன் பண்ணின மனுஷன்!"

நான் அனுப்பவில்லை. அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. அதைத்தான் அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்ல டாக்டர்" என்றேன். சுற்றி நின்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தஞ்சாவூருக்குப் போறப்ப நானும்தான் கூடப் போனேன். சொட்டு மருந்து விட ஆள் வேணுமே" என்றார். "நாப்பது வருஷத்துல அவரு பொய் சொல்லி நான் கேட்டது அன்னிக்குத்தான்."

"அப்புறம் ஏன் டீச்சர் எங்கிட்டப் பேசல? என் பேரைக் காப்பாத்தத் தெரிஞ்சுது, ஒரு வார்த்தை பேசத் தெரியலையா?"

"நானும் கேட்டேன். 'அது வேற, இது வேற'ன்னாரு. அதுக்கு மேல கேட்டா பதில் வராதுன்னுதான் உங்களுக்கே தெரியுமே."

அது வேற, இது வேற. இரண்டு வாரமாக இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்தாரா? மன்னித்தவர் ஏன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்? மன்னிக்கவில்லையென்றால் தஞ்சாவூரில் போய் என்னை ஏன் நல்லவனாக்கினார்? நானாக வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாரா? அப்படியென்றால் அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஒரு பக்கம் கோபமாக வருகிறது. இன்னொரு பக்கம் அந்த மூன்றாம் தடவை போகாமல் இருந்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இந்த அஞ்சலியை எழுதித் தரும்படி நம் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் கேட்டபோது முதலில் மறுத்தேன். அந்தக் காரைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. காரைப் பற்றி உண்மையை எழுதினால் அவர் சொன்னது பொய்யென்று ஆகும். எழுதாவிட்டால் எனக்குச் சேராத நல்ல பேரை நான் போட்டுக்கொண்டு திரிவேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் கேட்டுக்கொள்ள எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

நேற்று தஞ்சாவூருக்குப் போன் செய்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப ஆரோக்கியம் சார் எங்கிட்டப் பொய்யா சார் சொன்னாரு?" என்றார். என் மேல் கோபமில்லை. அந்தப் பொய்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஆமாம் டாக்டர். எனக்காக" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அடக்கத்தன்றுகூட நான் அழவில்லை.

ஆரோக்கியசாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய்தான். எனக்கு அதற்கு அருகதை கிடையாது. ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.