திருமதி லட்சுமிக்குப் போன குக்கர்

மைசூரில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் மைக் பிடிப்பது எப்போதும் நான்தான். எதையும் தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

போன வருஷம் சமையல் போட்டியில் முதல் பரிசான குக்கர், தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் லட்சுமியக்காவுக்கு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஐம்பதைத் தாண்டியவரை 'செல்வி' என்று கூப்பிட எனக்குக் கூச்சம். கன்னடத்தில் 'குமாரி' என்றாலோ பரதநாட்டியம் ஆட வந்த சின்னப்பெண் மாதிரி இருக்கும். மரியாதையாக இருக்கட்டுமே என்று 'திருமதி லட்சுமி', 'ஸ்ரீமதி லட்சுமி' என்று இரண்டிலும் அழைத்துவிட்டேன்.

அக்கா எழுந்திருக்கவே இல்லை. வேறு யாரோ ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார். மேடைக்கு வந்தவர் கல்யாணமான இன்னொருவர், மூன்றாம் மாடி லட்சுமி. குக்கரைக் கையில் வாங்கியபின்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"என் பாயசம் அடிப்பிடிச்சுப் போச்சு ரீ. எனக்கா முதல் பரிசு?" என்றார், கன்னட மரியாதை 'ரீ'யும் சேர்த்து.

"இல்ல, நம்ம ஃபேக்டரி லட்சுமியக்காவுக்கு..." என்று இழுத்தேன்.

அக்கா கீழே இருந்தபடியே, "திருமதின்னா நான் எப்படிம்மா எழுந்து வருவேன்? இன்னும் மாப்பிள்ளையே பார்க்கலையே" என்றார். கூட்டத்தின் சிரிப்பில் அவர் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. மூன்றாம் மாடி லட்சுமியே குக்கரைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார்.

இப்போதெல்லாம் மைக்கைத் தொடுமுன், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறேன். இந்த வருஷம் அக்கா யோசிக்கவே இல்லை.

"நடப்புச் சாம்பியன் லட்சுமின்னு கூப்பிடு. ரெண்டு பாஷையிலயும்."

— ஒரு வாசகி, மைசூரு