வேப்பிலை வேன்

இருக்கன்குடி மாரியம்மன் தினமும் விடிகாலையில் எம். புதுப்பட்டியில் கம்பெனி வேன் ஏறி வெடி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள் என்று சிவகாசியில் ஒரு பேச்சு. ஏற்றிவிட்டது ஒரு வேதக்காரப் பெண் என்பது அந்தப் பேச்சின் இரண்டாம் பாகம். சாத்தூர் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது இன்னும் கொஞ்சம் சதை போட்டு, ஆத்தாளுக்கு பி.எஃப். பிடிக்கிறார்களா இல்லையா என்கிற கேள்விவரை வந்திருந்தது. விசாரிக்காமல் விடலாமா? விசாரித்ததில் பி.எஃப். சங்கதி பொய். மற்றதில் முக்கால்வாசி நிஜம்.

அந்த வேதக்காரப் பெண் எவாஞ்சலின். தனுஷ்கோடி அண்ணாச்சியின் அச்சாபீஸில் டிசைன் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவோடு நின்று பாடுவாள். திங்கட்கிழமை காலண்டர் சரஸ்வதிக்கு வீணையில் கம்பி கட்டுவாள். இரண்டு தரப்பிலிருந்தும் இதுவரை ஆட்சேபணை வந்ததில்லை. அவள் போடுகிற லட்சுமியின் கையில் வளையல் கச்சிதமாக உட்காரும் என்பதற்காகவே தேடிவந்து ஆர்டர் கொடுக்கிற பாத்திரக்கடைக்காரர்கள் உண்டு.

ஆனால் அவளுக்குத் தாள் போதவில்லை. பட்டாசு கிஃப்ட் பெட்டியைப் பிரித்து மடித்தால் பிள்ளைகள் விளக்குக்கூடு செய்துகொள்ளும்படி வரைந்தாள். அண்ணாச்சியின் வெடி ஆலையில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தரையில் மஞ்சள் பாதங்கள் போட்டாள். பாதமெல்லாம் வெளியே பார்த்துப் போகிறதே, கிருஷ்ணர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாரா என்று போர்மேன் கேட்டார். காலண்டருக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு கட்டாந்தரையில் கோடு போடுகிறாளே என்று அண்ணாச்சிக்கும் வருத்தம்.

அந்த நேரத்தில்தான் வேன் விவகாரம் வந்தது. அண்ணாச்சிக்கு நாலு இடத்தில் வெடி யூனிட். நாலுக்கும் ஆள் ஏற்றப் புதுப்பட்டிக்கு நாலு வேன் வரும். நாலும் மஞ்சள். அரை வெளிச்சத்தில், தூக்குவாளியும் தூக்கமுமாக நிற்கிற பெண்கள் எதில் கால் வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. வேறு யூனிட்டில் போய் இறங்குவார்கள். வெடி ஆலையில் ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் போனவள் சாயங்காலம் வரை வேப்பமரத்தடியில் உட்கார வேண்டியதுதான். அங்கே ஆள் கூடுதல், இங்கே ஆள் இல்லை, லோடு கிளம்பவில்லை. நம்பர் எழுதிப் பார்த்தார்கள். நம்பரை யார் பார்க்கிறார்கள்?

எவாஞ்சலின் படம் ஒட்டலாம் என்றாள். ஆயுசு முழுக்க லேபிள் ஒட்டுகிற பெண்கள், லேபிள் படத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்கள் என்றாள். அண்ணாச்சி யோசித்தார். ஸ்டிக்கர் செலவு அவருடையது என்பதால் ரொம்ப நேரம் யோசித்தார்.

“சரியா வந்துச்சுன்னா ஒனக்குத் தனி ரூமு, நீ சுவத்துல போடு, தரையில போடு, நான் கேக்க மாட்டேன். வரலைன்னா இனி எந்த சீசன்லயும் வளையலைத் தாண்டி ஒரு கோடு போடப்படாது. சம்மதமா?”

சம்மதம் என்றாள். அன்று ராத்திரி கனவில் வளையலாக வந்தது.

மயில், முயல், ரயில் என்று மூன்று வேனுக்கு முடிந்தது. நாலாவதுக்கு என்ன போடுவது? சாமி படம் கூடவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள், வம்பு வரும். மஞ்சள்மேல் பச்சை பளிச்சென்று தெரியும், மரம் செடி எல்லாருக்கும் பொது என்று கணக்குப் போட்டு, வேன் பக்கவாட்டு முழுக்க ஒரு பெரிய வேப்பிலைக் கொத்து போட்டாள். மாரியம்மனைக் கும்பிடுகிற ஊருக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள், மஞ்சள்மேல் வேப்பிலையைப் போட்டுவிட்டு, வம்பில்லாத படம் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை வேன் வந்து நின்றது. டிரைவர் மாரிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கிளட்ச் மிதித்து வந்திருந்தார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, பீடியையும் விட்டுவிட்டாராம். நாலு யூனிட் பெண்களும் இதில்தான் ஏறுவோம் என்று நின்றார்கள். முயலில் போகிற அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று ஒருத்தி அழுதேவிட்டாள்.

இதுவாவது தேவலை. திங்கட்கிழமை வேப்பிலை வேனில் மாரிசாமி மட்டும்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊரே கறி தின்றிருந்தது. தின்ற வாயோடு ஆத்தா வண்டியில் ஏற யாருக்குத் தைரியம் வரும்? யூனிட் பூட்டிக் கிடந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. நாளைக்குள் சரியாகவில்லையென்றால் புதன்கிழமை வளையல் என்று மட்டும் சொன்னார்.

ஸ்டிக்கரை உரிக்க ஆள் கூப்பிட்டாள். ஒட்டியவரே வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போனார். எவாஞ்சலின் நேரே வள்ளித்தாய் வீட்டுக்குப் போனாள். வள்ளித்தாய் அந்த வேனில் போக வேண்டியவள். மத்தாப்பு பேக் செய்பவள். புதுப்பட்டிப் பெண்கள் ஏறுவதும் இறங்குவதும் அவள் சொல்லில்தான். வாசல் நிலையில் ஒரு வேப்பங்குழை. அதற்குக் கீழே உட்கார்ந்து நேற்றைய கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள்.

“ஏக்கா, தலைக்கு மேல ஆத்தாள வச்சுக்கிட்டுத்தான கறி திங்கீக?”

வள்ளித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். “அது வாசல்ல காவலுக்கு நிக்கிதுடி. நீ போட்டது ஊர்வலமால்ல வருது.”

எவாஞ்சலினுக்கு அங்கேயே வேலை முடிந்துவிட்டது. படம் தப்பில்லை, அளவும் இடமும் தப்பு. மதுரைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்ததை வள்ளித்தாய் ஒரு உருண்டை சோற்றோடு சொல்லிவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால் வள்ளித்தாய்க்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை, சாப்பிட விட்டால் போதும் என்றிருந்தாள்.

சாயங்காலம் வேன் ஷெட்டில் எவாஞ்சலினே ஏறி அந்தப் பெரிய கொத்தை உரித்தாள். தூரப் போட முடியாது. போட்டால் ஊர் விடாது. நாலு சின்னக் குழையாக வெட்டி நாலு வேனுக்கும் கதவுக்கு மேலே, நிலையில் சொருகினாற்போல ஒட்டுவது என்று பிளேடை எடுத்தாள். மாரிசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ஆத்தா, தெரியாத பிள்ளை, கோவிச்சுக்கிடாத. ஒனக்கு இந்தப் பிள்ளையே ஆயிரங்கண் பானை எடுக்கும்.”

உடம்பெல்லாம் துளை போட்டு, உள்ளே விளக்கேற்றிக் கோயிலைச் சுற்றி எடுத்து வருகிற பானை அது.

“ஏண்ணே, என்னையக் கேக்காம என் பேர்ல நேந்துட்டீகளே?”

“கேட்டா வேண்டாம்னுருவியே.”

நாலாவது வேனில் புதிதாக ஒரு குடைப் படம் ஏறியது. செவ்வாய்க்கிழமை விடிகாலை வள்ளித்தாய் நாலு கதவையும் அண்ணாந்து பார்த்தாள். எல்லா வாசலிலும் காவல் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிச்சமிருந்த கறிக்குழம்புத் தூக்குவாளியோடு குடையில் ஏறினாள். மற்றவர்கள் அவரவர் மயிலிலும் முயலிலும் ஏறினார்கள். அன்று யாரும் மரத்தடியில் உட்காரவில்லை.

அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை. தனி ரூம் கிடைத்தது, விற்காத டைரிகளோடு. இப்போது விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரி, நோயாளி வழி தவறாமல் ஸ்கேனுக்குப் போய்ச்சேரப் படம் கேட்டு வந்திருக்கிறது. வேப்பிலை மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

பானைதான் பாக்கி. இன்னொருத்தர் நேர்ந்தது செல்லாது என்கிறார் எவாஞ்சலினின் அம்மா ஞானபூரணி டீச்சர். பேரைச் சொல்லியாகிவிட்டது, செல்லும் என்கிறார் மாரிசாமி. எவாஞ்சலினோ கம்ப்யூட்டரில் பானையை வரைந்து, துளைகளை எப்படி அடுக்கினால் வெளிச்சம் அழகாக விழும் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பானை எடுக்கிற ஆடி போய்விட்டது, தையும் போய்விட்டது. அந்த நேர்த்திக்கடன் தீருகிறவரை செருப்பில்லை என்று மாரிசாமி வெறுங்காலால்தான் கிளட்ச் மிதிக்கிறார். அவள் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஞாபகப்படுத்துகிற மாதிரி அவரிடமிருந்து லேசாக ஒரு இருமல்.